நீல டப்பா, ஊசி நூல், இன்னும் சில டேனிஷ் சந்தேகங்கள்

டென்மார்க்கைப் பற்றி வாசகர்களிடம் கேள்வி கேட்டிருந்தோம். அரசியல் வரும், ராணி வருவார் என்று எதிர்பார்த்தோம். வந்து குவிந்தது பிஸ்கட்.

எஸ்.ஆர்., மேற்கு மாம்பலம்: எங்கள் வீட்டில் இருக்கும் நீல நிற டேனிஷ் பட்டர் குக்கீஸ் டப்பாவை எப்போது திறந்தாலும் ஊசி, நூல், பட்டன்தான் இருக்கிறது. சரி, பிஸ்கட்டை நாமே செய்வோம் என்று இரண்டு முறை இறங்கினேன். இரண்டு முறையும் தட்டில் அப்பளம் மாதிரிப் பரவிவிட்டது. எங்கே தப்பு?

தப்பு வெயிலில். இந்த பிஸ்கட்டில் பேக்கிங் பவுடர் கிடையாது. வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பது குளிர்ந்த வெண்ணெய் மட்டுமே. டென்மார்க்கில் சமையலறை மேடையில் வைத்த வெண்ணெய் 20 டிகிரியில் நிற்கும். மாம்பலத்தில் அதே வெண்ணெய் அரை மணியில் 32 டிகிரிக்குப் போய்விடும். அப்போது அது பாதி எண்ணெய்.

அளவு இது: உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், பொடித்துச் சலித்த சர்க்கரை 100 கிராம், மைதா 260 கிராம், முட்டை ஒன்று, வனிலா எசன்ஸ் ஒரு டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். உப்பு வெண்ணெய்தான் இருக்கிறது என்றால் தனி உப்பு வேண்டாம். முட்டை சேர்க்காதவர்கள் குளிர்ந்த பால் இரண்டு டேபிள்ஸ்பூனில் ஆரம்பித்து, மாவு பிழிய வருகிறதா என்று பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

வெண்ணெயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக நறுக்கி, பத்து நிமிடம் மட்டும் வெளியே வையுங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரல் பளபளக்கக் கூடாது. பளபளத்தால் மறுபடி ஃப்ரிட்ஜுக்கு அனுப்புங்கள். சர்க்கரையோடு சேர்த்து மூன்று நிமிடம் அடியுங்கள். பத்து நிமிடம் அடித்துப் பஞ்சாக்கினால் காற்று நிறையப் புகுந்து அடுப்பில் உப்பி, பிறகு சரிந்து பரவும். முட்டை, வனிலா சேர்த்துக் கலந்து, கடைசியில் மைதாவைப் போட்டு, மாவு ஒன்று சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து பிசைந்தால் பிஸ்கட் கரகரப்பை விட்டு ரப்பராகும்.

பிழிவதற்குத் தனிக் கருவி தேட வேண்டாம். முறுக்கு அச்சில் பெரிய ஒற்றை நட்சத்திரத் தட்டு போதும். டேனிஷ் வீடுகளிலும் வனிலா வளையம் செய்ய, இறைச்சி அரைக்கும் மெஷினின் வாயில் நட்சத்திரத் தட்டை மாட்டித்தான் மாவைத் தள்ளுவார்கள். ஒரு விரல் நீளத்துக்கு நறுக்கி வளையமாக ஒட்டிவிட வேண்டியதுதான். அச்சைப் பாதி மட்டும் நிரப்புங்கள். கைச் சூட்டில் மீதி மாவு இளகிவிடும்.

உங்கள் வீட்டில் விட்டுப்போயிருக்கக் கூடிய கட்டம் அடுத்தது. பிழிந்த தட்டை அப்படியே ஃப்ரிட்ஜில் அரை மணி, இல்லாவிட்டால் ஃப்ரீசரில் 15 நிமிடம் வையுங்கள். அந்த நேரத்தில் ஓவனை 170 டிகிரிக்குச் சூடாக்குங்கள். தட்டு குளிர்ச்சியாக உள்ளே போக வேண்டும், ஓவன் முழுச் சூட்டில் இருக்க வேண்டும். 12 முதல் 15 நிமிடத்தில் ஓரம் பொன்னிறமாகும். நடுப்பகுதி வெளுப்பாகவே இருக்கட்டும். எடுத்ததும் மெத்தென்றுதான் இருக்கும். ஆறியதும் இறுகும்.

இவ்வளவுக்குப் பிறகும் பரவினால் வெண்ணெயைச் சந்தேகப்படுங்கள். வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோரும் தண்ணீரும் தங்கியிருக்கும். ஐஸ் தண்ணீரில் போட்டுப் பிசைந்து, தண்ணீர் தெளிவாகும்வரை மாற்றி, வடித்துத்தான் பயன்படுத்த வேண்டும். நெய்யில் செய்தால்? நன்றாகவே வரும், ஆனால் அது நான்கட்டாய்.

பி.வி., அயனாவரம்: அந்த டப்பாக்களில் எது அசல்? கடையில் பத்து விதமான நீலம் இருக்கிறதே.

டப்பாவின் முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகைத் திருப்பி சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். கொழுப்பு என்று வரும் இடத்தில் வெண்ணெய் மட்டும் இருந்து, அதன் சதவீதமும் போட்டிருந்தால் வாங்கலாம். 'காய்கறிக் கொழுப்பு' அல்லது பாமாயில் முன்னால் நின்றால் அது டப்பாவுக்கான விலை. தயாரித்த நாட்டின் பெயரும் அங்கேயே இருக்கும். உள்ளே முடிச்சுப் போட்ட வடிவத்தில் ஒரு பிஸ்கட் வருமே, அதன் பெயர் கிரிங்லெ. டென்மார்க்கில் பேக்கரி வாசலில் அதே முடிச்சைத் தங்க நிறத்தில் செய்து, மேலே கிரீடம் வைத்துத் தொங்கவிட்டிருப்பார்கள்.

திறந்த டப்பா சென்னைக் காற்றில் நமுத்துப்போனால் தூக்கிப் போட வேண்டாம். 130 டிகிரியில் ஆறேழு நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும்.

ஜே.எம்., பெரம்பூர்: டேனிஷ் பேஸ்ட்ரி டென்மார்க்கில் பிறந்ததுதானே?

அங்கே போய் 'டேனிஷ்' என்று கேட்டால் விழிப்பார்கள். அவர்கள் வைத்த பெயர் 'வியன்னா ரொட்டி'. 1850-ல் டேனிஷ் பேக்கரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முதலாளிகள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். அதில் ஆஸ்திரியாக்காரர்கள் இந்த அடுக்கு மாவைக் கொண்டுவந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், வியன்னாவில் இதற்கு 'கோபன்ஹேகன்' பெயர்.

ஆர்.டி., அண்ணா நகர்: அண்ணன் பிள்ளைகள் விளையாடிய டேனிஷ் லெகோ கட்டைகள் ஒரு மூட்டை கிடைத்திருக்கின்றன. பத்து வருட அழுக்கு. எப்படிக் கழுவுவது? உள்ளே போலிகளும் கலந்திருக்கும் போலிருக்கிறது.

முதலில் போலிகளைப் பிரியுங்கள். அசல் கட்டையின் ஒவ்வொரு குமிழின் தலையிலும் கம்பெனி பெயர் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். வெளிச்சத்தைச் சாய்வாகக் காட்டினால் தெரியும். இரண்டு கட்டைகளைப் பொருத்திப் பாருங்கள்: அசல் 'க்ளிக்' என்று பிடித்து, குழந்தை இழுத்தாலும் வந்துவிடும். போலி ஒன்று கழன்று விழும், இல்லையென்றால் பல்லால் பிரிக்கும்படி இறுகும். குமிழுக்குக் குமிழ் தூரம் 8 மில்லிமீட்டர், கட்டை உயரம் 9.6 மில்லிமீட்டர். 1958 ஜனவரி 28-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அதே பொருத்தம் இன்றும் மாறவில்லை. அதனால் அண்ணன் மகன் கட்டையோடு இந்த வருடம் வாங்கியதும் சேரும்.

மோட்டார், லைட், ஸ்டிக்கர் ஒட்டியவை எல்லாவற்றையும் தனியே எடுத்துவிடுங்கள். மீதியை வாளியில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு விட்டு ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. வெந்நீரில் பிளாஸ்டிக் லேசாக வளைந்தால் போதும், பொருத்தம் போய்விடும். வாஷிங் மெஷின் ஆகாது. இடுக்கு அழுக்குக்குப் பழைய டூத் பிரஷ். கடைசி அலசலுக்கு மட்டும் மெட்ரோ தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுங்கள். போர் தண்ணீரின் உப்பு காய்ந்ததும் வெள்ளைத் திட்டு படியும், முக்கியமாகக் கறுப்புக் கட்டைகளில். துண்டில் பரப்பி ஃபேன் காற்றில் காயவையுங்கள். மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். வெள்ளைக் கட்டைகள் மஞ்சளாவது வெயிலால்தான்.

ஒரு கணக்கு உபரியாக: எட்டுக் குமிழ்க் கட்டை ஒரே நிறத்தில் ஆறு இருந்தால் எத்தனை விதமாக அடுக்கலாம்? 10,29,81,500 என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது ஆறும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் கோபுரங்களின் கணக்கு மட்டும். கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஒருவர் கணினி உதவியோடு எண்ணிச் சொன்ன விடை 91,51,03,765.

வி.கே., திருவொற்றியூர்: அம்மா போட்டுக்கொள்ளும் இன்சுலின் டென்மார்க் கம்பெனியுடையது. அந்தச் சின்ன நாட்டுக்கும் இன்சுலினுக்கும் என்ன சம்பந்தம்? கரண்ட் போனால் மண்பானையில் வைக்கலாமா?

சம்பந்தம் ஒரு கணவன் மனைவியால் வந்தது. 1920-ல் நோபல் பரிசு வாங்கிய உடலியல் விஞ்ஞானி ஆகஸ்ட் க்ரோக். அவர் மனைவி மேரி ஒரு டாக்டர், அவருக்கே சர்க்கரை நோய். 1922-ல் இருவரும் அமெரிக்கா போனபோது, கனடாவின் டொரண்டோவில் இன்சுலின் கண்டுபிடித்த செய்தி காதில் விழுந்தது. நேரே டொரண்டோ போய், தயாரிக்க அனுமதி வாங்கிவந்தார் க்ரோக். அப்போது இன்சுலின் எடுக்க விலங்குகளின் கணையம் வேண்டும். பன்றி வளர்ப்பில் கொழித்த டென்மார்க்கில் அதற்குப் பஞ்சமில்லை. 1923-ல் ஹாகெடோர்ன் என்ற மருத்துவரோடு சேர்ந்து தயாரிப்பு தொடங்கியது. கலங்கலாக இருக்கும் என்.பி.ஹெச். இன்சுலினில் கடைசி எழுத்து அந்த ஹாகெடோர்ன்தான்.

இனி பானை. பிரிக்காத மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், பானையால் அது முடியாது. பிரித்துப் பயன்படுத்துவதைப் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் வைத்தால் போதும். இங்கே பானை கைகொடுக்கும். பெரிய பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஆற்று மணல், காலை மாலை மணலை நனைப்பது, மேலே ஈரத்துணி. மருந்தை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பியில் போட்டு உள்ளே வையுங்கள், தண்ணீர் படக் கூடாது. பானையைச் சமையலறை மூலையில் ஒளிக்காமல் காற்றோட்டத்தில் வையுங்கள்.

ஆனால் திருவொற்றியூருக்கு ஓர் எச்சரிக்கை. காற்று உலர்ந்திருந்தால்தான் பானை குளிரும். கத்திரி வெயிலில் மேல்காற்று வீசும் முற்பகலில் நன்றாக இறங்கும். கடல்காற்று உள்ளே வந்ததும் ஈரப்பதம் ஏறி, சில டிகிரிக்கு மேல் இறங்காது. ஐந்நூறு ரூபாய்க்குள் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிப் பானைக்குள் போட்டுப் பாருங்கள், ஊகம் வேண்டாம். கரண்ட் போனாலும் கதவைத் திறக்காத ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம் வரை குளிர்ச்சி காக்கும். அதுவரை பானையே தேவையில்லை.

சூட்டைவிட அதிகம் மருந்தைக் கெடுப்பது உறைபனி. ஃப்ரீசர் பெட்டிக்குக் கீழேயோ பின்சுவரை ஒட்டியோ வைத்து ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் போடக் கூடாது. கதவுத் தட்டுதான் சரியான இடம். பயணத்தில் ஐஸ் பாக்கெட்டின் மேல் நேராக வைத்தாலும் இதே கதிதான். நடுவில் துண்டைச் சுற்றுங்கள். ஸ்கூட்டர் டிக்கி, நிறுத்திய கார் இரண்டும் அடுப்பு. பிரித்த தேதியை லேபிளில் பேனாவால் எழுதுங்கள். பலவற்றுக்கு 4 வாரம், சிலவற்றுக்கு 6 வாரம் கெடு, பெட்டித் தாளில் இருக்கும். கலங்கல் வகையைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். அதன் பிறகும் கட்டி மிதந்தாலோ கண்ணாடியில் பனி மாதிரி ஒட்டியிருந்தாலோ அந்தக் குப்பி வேண்டாம். சர்க்கரை காரணமில்லாமல் ஏறினால் அளவைக் கூட்டும் முன் டாக்டரிடம் மருந்து வைத்திருந்த விதத்தையும் சொல்லுங்கள்.

சி.என்., சைதாப்பேட்டை: ஹேன்சன், நீல்சன், ஜென்சன்... எல்லாரும் ஒரே ஜாதியா?

ஜாதியில்லை, இனிஷியல். 'சென்' என்றால் மகன். ஹான்ஸ் மகன் ஹேன்சன். நம் வீட்டில் அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போடுகிறோம், அவர்கள் முழுப் பெயரையும் பின்னால் போட்டார்கள். ஒவ்வொரு தலைமுறையும் மாறிக்கொண்டே இருந்தது. 1828-லும் 1856-லும் வந்த உத்தரவுகள் அதை நிரந்தரக் குடும்பப் பெயராக உறையவைத்தன. இப்போது ஜென்சன் ஒருவரின் அப்பா பெயர் ஜென்ஸாக இருக்க வேண்டியதில்லை. விசா ஃபாரத்தில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்லும்போது நாம் படும் பாட்டை அவர்கள் அப்போதே பட்டுவிட்டார்கள்.

எல்.பி., வேளச்சேரி: ப்ளூடூத்துக்கும் டேனிஷ் ராஜாவுக்கும் தொடர்பு என்பது வாட்ஸ்அப் கதையா?

உண்மை. பத்தாம் நூற்றாண்டு மன்னர் ஹரால்டின் பட்டப்பெயர் 'நீலப் பல்'. டேனிஷ்காரர்களை ஒரு குடையின் கீழ் கொண்டுவந்தவர் என்பதால், வெவ்வேறு கருவிகளைப் பேசவைக்கும் தொழில்நுட்பத்துக்கு 1990-களில் தற்காலிகமாக அந்தப் பெயரை வைத்தார்கள். ஒட்டிக்கொண்டது. போனில் தெரியும் அந்தச் சின்னம், அவர் பெயரின் முதலெழுத்துகள் இரண்டை ரூனிக் என்ற பழைய வட ஐரோப்பிய லிபியில் ஒன்றின் மேல் ஒன்று வைத்தது.

டி.எஸ்., அடையாறு: கோபன்ஹேகனில் ஊரே சைக்கிளில் போகிறதாமே. அவர்கள் முறையில் இங்கே ஏதாவது எடுத்துக்கொள்ள முடியுமா?

பாதை அமைப்பை மாநகராட்சிதான் எடுத்துக்கொள்ள வேண்டும்: அங்கே சைக்கிள் தடம் சாலையைவிட ஒரு படி உயரம், நடைபாதை அதைவிட ஒரு படி உயரம். பெயின்ட் கோடு மட்டும் என்றால் அதில் ஆட்டோ நிற்கும், எல்லா ஊரிலும். நோர்ரெப்ரோகாடெ என்ற சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் வரிசையாகப் பச்சை விளக்கே விழும்படி சிக்னலை அமைத்தார்கள்.

நீங்கள் நாளைக்கே எடுத்துக்கொள்ளக் கூடியது, திரும்பும் முறை. சாலையின் எதிர்ப்பக்கமாகத் திரும்ப வேண்டும் என்றால் அங்கே சைக்கிள்காரர் நடுச்சாலைக்குப் போவதே இல்லை. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், வலது பக்கம் திரும்ப: இடது ஓரத்திலேயே நேராகப் போய்ச் சந்திப்பைக் கடக்கவும், மறுமுனை ஓரத்தில் நிற்கவும், வண்டியை வலப்பக்கம் திருப்பி, அந்தச் சாலைக்குப் பச்சை விழும்போது அவர்களோடு நேராகப் போகவும். ஒரு சிக்னல் கூடுதலாகும். தண்ணீர் லாரிக்கு முன்னால் வெட்டிப் போவதற்கு அது பரவாயில்லை. நிற்கப்போகிறீர்கள் என்றால் உள்ளங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக் காட்டுவது அங்கே சட்டம்.

குழந்தைகளை முன்பெட்டியில் உட்காரவைத்து ஓட்டும் மூன்று சக்கர வண்டி அங்கே பிரபலம். முன்னால் இரண்டு சக்கரம், நடுவில் பெட்டி, பின்னால் மிதிப்பவர். நம் மீன்பாடி வண்டிக்குச் சித்தப்பா மகன்.

எம்.ஏ., தாம்பரம்: திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். முடிந்ததும் தரங்கம்பாடி போகலாம் என்கிறார்கள். என்ன பார்ப்பது? தமிழில் முதல் புத்தகம் அச்சானது அங்கேதானா?

திருக்கடையூரிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை, போகாமல் வருவதுதான் தப்பு. காலை பத்துக்குள் அல்லது மாலை நாலுக்கு மேல் போங்கள். கோட்டைக்கு முன்னால் உள்ள திடலில் ஒதுங்க நிழல் கிடையாது.

ஊருக்குள் நுழையும் வாசல் 1792-ல் கட்டியது. அதைத் தாண்டினால் ராஜ வீதி நேராகக் கடலுக்கு இழுத்துப்போகும். வழியில் இரண்டு தேவாலயங்கள்: சீயோன் 1701, புதிய எருசலேம் 1718. பின்னதன் முகப்பில் கிரீடத்தோடு ஒரு எழுத்துப் பின்னல் இருக்கும். அது டேனிஷ் மன்னர் நான்காம் ஃபிரெட்ரிக்கின் முத்திரை. உள்ளே பாதிரியார் சீகன்பால்குவின் கல்லறை. கடைசியில் டான்ஸ்போர்க் கோட்டை. 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஓவே கெட்டே என்ற டேனிஷ் கடற்படை அதிகாரி ஒப்பந்தம் போட்டுக் கட்டியது. நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்னும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கோட்டையின் கீழ்த்தளம் கிடங்கும் சிறையும், மேல்தளம் அருங்காட்சியகம். பக்கத்தில் அலை அரித்துக்கொண்டே வந்த மாசிலாமணிநாதர் கோயிலை விட்டுவிடாதீர்கள். குலசேகர பாண்டியன் காலத்தது, 1306. டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருடம் மூத்தது.

அச்சு விஷயத்தில் உங்களுக்குச் சொன்னவர் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டார். தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' 1578-லேயே கொல்லத்தில் அச்சானது. தரங்கம்பாடியின் பெருமை வேறு: தொடர்ந்து இயங்கிய அச்சகம். 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்கு ஜெர்மானியர், அனுப்பியவர் டேனிஷ் மன்னர். அச்சு இயந்திரம் லண்டனிலிருந்து 1712-ல் வந்தது, தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து 1713-ல் வந்தன. பிரித்துப் பார்த்தால் எழுத்துகள் ஏகப்பட்ட பெரிது. காகிதமோ கப்பலில் வர வேண்டும். அதே அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது. தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்து, 1715-ல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலை ஒன்றும் போட்டுப் பார்த்தார்கள். இதே மிஷனின் கிளைதான் பிறகு சென்னை வேப்பேரியில் அச்சகம் நடத்தியது. அந்த இயந்திரம் 1761-ல் புதுச்சேரி விழுந்தபோது பிரெஞ்சுக்காரர்களிடம் ஆங்கிலேயர் பிடுங்கியது.

1845-ல் வங்காளத்து செராம்பூரோடு சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குத் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஓசோன் நிறைந்த கடற்கரை என்று யாராவது சொல்லி ஆழ்ந்து மூச்சிழுக்கச் சொன்னால் சிரித்துவைக்கவும். தரைமட்டத்து ஓசோன் நுரையீரலை எரிக்கும் வாயு. அங்கே நிஜமாக வீசுவது நல்ல உப்புக்காற்று.

ஜி.ஆர்., போரூர்: காற்றாலையில் டென்மார்க் எப்படி முன்னால் போனது?

காற்று நிறைய, மலை குறைவு, சொந்த நிலக்கரி இல்லை. 1957-ல் கெட்ஸர் என்ற ஊரில் நின்ற மூன்று இறக்கை, 200 கிலோவாட் இயந்திரம் பின்னால் வந்தவற்றுக்கு முன்மாதிரி. 1991-ல் விண்டெபி கடலோரத்தில் 11 காற்றாலைகளை நிறுத்தியபோது அதுதான் உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை. இன்று அவர்கள் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. முப்பந்தல் பக்கம் ரயிலில் போகும்போது தெரியும் மூன்று இறக்கைகளும் அந்தக் கெட்ஸர் குடும்பம்தான்.

கே.எல்., பல்லாவரம்: மலை குறைவு என்கிறீர்கள். மலையேற எனக்கு ஆசை. டென்மார்க்கில் எங்கே ஏறலாம்?

டென்மார்க்கின் மிக உயர்ந்த இயற்கை மேடு மொல்லெஹோய், 170.86 மீட்டர். உச்சியில் அடையாளத்துக்கு மாவரைக்கும் பழைய ஆலைக்கல் ஒன்று கிடக்கும், சுற்றிலும் வயல். உங்கள் வீட்டிலிருந்து தெரியும் பரங்கிமலையை இரண்டு முறை ஏறி இறங்கினால் அதைத் தாண்டிவிடுவீர்கள். அங்கே இன்னொரு மேடும் உண்டு, 147 மீட்டர். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'வான மலை'.